சளிக்காலக் குறிப்புகள்

அக்டோபர் 6

பிள்ளைகள் இருவருக்கும் இன்று ஃபுளூ தடுப்பூசி போட்டாயிற்று. ஊசியின் பலன் உடலில் உருவாக ஏறத்தாழ 2 வாரம் ஆகும் என்பதால், காய்ச்சல் பரவத் தொடங்கும் முன்பே போட்டுவிட வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தேன். மூன்று வயதாகும் இளையவளுக்கு இதுவே முதல் முறை. இந்த வயதினருக்கு முதல் ஆண்டில் 4 வார இடைவெளியில் 2 தவணை தேவை. ஆனால், சாதாரணச் சளியை இந்த ஊசி தடுக்காது. அதை உண்டாக்கும் வைரஸ்கள் 200-க்கும் மேற்பட்டவை.

நவம்பர் 14

சோப்பு போட்டு 20 விநாடி கை கழுவ வேண்டும் என்பது மூத்தவனுக்கு மனப்பாடம். ஆனால் அருகில் நின்று பார்த்தபோது, உள்ளங்கைகள் மட்டும் நுரைத்தன. கட்டைவிரலிலும் நக இடுக்கிலும் நுரை படவே இல்லை. இனிக் கட்டைவிரலிலிருந்தே தொடங்கச் சொல்லியிருக்கிறேன்.

டிசம்பர் 2

இளையவளுக்கு மூக்கு ஒழுகி, பிறகு அடைத்துக்கொண்டது. உப்புநீர்ச் சொட்டு மருந்து விட்டதும் பால் குடிக்க முடிந்தது. சளி பச்சையாகிவிட்டதே, ஆன்டிபயாடிக் கொடுக்கலாமே என்றார் வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர். நிறம் மாறுவது சளியின் இயல்பான போக்குதான். வைரஸை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. தேவையில்லாமல் கொடுத்தால் வயிற்றுப்போக்கு வரலாம், கிருமிகளும் அந்த மருந்துக்கு அடங்காதவையாக மாறும். இருமலுக்குப் படுக்கும் முன் சிறிது தேன் கொடுத்தேன். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேனே கூடாது.

டிசம்பர் 4, இரவு

காய்ச்சல் 39 டிகிரி செல்சியஸ். எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால் கொடுத்தேன். பிள்ளைகளின் காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கொடுப்பது, மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரே நோய்க்கு இடமளிக்கக்கூடும் என்பதால் அதைத் தொடுவதே இல்லை.

தெர்மாமீட்டர் காட்டும் எண்ணைவிட எனக்கு முக்கியமாகப் படுவது குழந்தையின் மூச்சுதான். அவள் தூங்கியபின் சட்டையை மேலேற்றி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுக்க எண்ணினேன்: 32. இந்த வயதில் 40-ஐத் தொட்டாலோ, மூச்சை இழுக்கும்போது விலா எலும்புகளுக்குக் கீழே உள்வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சிறுநீர் போகிறாளா, எழுப்பினால் முகம் பார்க்கிறாளா என்பதையும் கவனித்து வருகிறேன்.

டிசம்பர் 7

நேற்றுக் காலை முதல் மருந்தில்லாமலே காய்ச்சல் வரவில்லை. அப்படி 24 மணி நேரமாவது கழிந்த பிறகே மற்றப் பிள்ளைகளோடு சேர விடுவது என்பது எங்கள் வீட்டு வழக்கம். இருமல் இன்னும் 2 வாரம் நீடிக்கலாம். அதற்காக அஞ்ச வேண்டியதில்லை.

தங்கைக்குப் பிறந்த குழந்தையைப் பார்க்கப் போவதைத் தள்ளிவைத்துவிட்டோம். 3 மாதம் நிரம்பாத சிசுவுக்கு 38 டிகிரி வந்தாலே உடனே மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். இளையவளின் இருமல் அடங்கிய பிறகு வருகிறோம் என்று தங்கையிடம் சொல்லிவிட்டேன்.