மனசுக்கும் ஓபி சீட்டு உண்டு

அத்தைக்கு மூணு மாசமா தூக்கமில்ல, சோறு இறங்கல, சும்மா சும்மா அழுகை. காத்து கருப்புன்னு மந்திரிச்சு கயிறு கட்டி, அடுத்து ஏர்வாடி தர்காவுக்கு கூட்டிட்டு போலாம்னு வீட்ல பேச்சு வந்தப்ப எனக்கு பக்குனு ஆயிடுச்சு, 2001ல அங்க சங்கிலியில கட்டி வெச்சிருந்த மனநோயாளிங்க 28 பேர் தீயில போனது மறக்குமா? மாவட்ட மனநலத் திட்டத்துல தாலுகா ஆஸ்பத்திரிக்கே டாக்டர் வர்றாங்கன்னு ஊர் நர்சம்மாதான் சொன்னாங்க. போனோம். அத்தை பேசி முடிக்கிற வரைக்கும் டாக்டரம்மா குறுக்க பேசாம கேட்டாங்க, டிப்ரஷன்னு சொன்னாங்க, மாத்திரை ஃப்ரீ. தூக்கம் வர மூணு வாரம் ஆச்சு, தயவுசெஞ்சு பாதியில நிறுத்திடாதீங்க. ராத்திரில முடியலன்னா 14416க்கு போன் போடுங்க, டெலி மானஸ்னு அரசாங்க மனநல உதவி எண், தமிழ்லயே பேசுவாங்க, காசு கிடையாது.

நேத்து அத்தை தானா எந்திரிச்சு ரசம் வெச்சாங்க.