புராஸ்டேட் வீக்கமும் மனச்சோர்வும்: மருத்துவரிடம் இரண்டையும் சொல்ல வேண்டும்

எங்கள் பாம்பன் பக்கத்து ஆண்களிடம் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டால் சாப்பாட்டுக்கு முன், பின் என்று கணக்கோடு சொல்வார்கள்; நீர் பிரிவதில் சிரமம் உண்டா என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள். மனம் சோர்ந்திருக்கிறதா என்று கேட்கவே வேண்டாம்.

என் பெரியப்பா நாட்டுப்படகில் தொழில் பார்த்தவர். கடலில் இருந்தவரை அடிக்கடி நீர் கழிப்பது அவருக்கு ஒரு குறையாகவே படவில்லை. கரையோடு தங்கிய பிறகுதான் அது பெரிதாயிற்று. ராமநாதபுரத்துக்குப் பேருந்தில் போக வேண்டுமென்றால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார். கல்யாண மண்டபத்தில் கழிப்பறைக்கு அருகிலுள்ள நாற்காலியாகப் பார்த்து உட்காருவார்; பிறகு கல்யாணங்களுக்குப் போவதையே விட்டுவிட்டார். இரவில் நான்கைந்து முறை எழுந்து, பகல் முழுவதும் முகங்கொடுத்துப் பேசாமல் கிடந்தவரை, வீட்டில் எல்லோரும் வயதாகிவிட்டது என்ற ஒரே சொல்லில் முடித்துவிட்டோம்.

சிறுநீர்ப்பைக்குக் கீழே சிறுநீர்க்குழாயைச் சுற்றியிருக்கும் புராஸ்டேட் சுரப்பி வயதோடு பெருப்பது புற்றுநோய் அல்ல. தொந்தரவின் அளவை அறிய மருத்துவர்கள் ஏழு கேள்விகளுக்கு 35 வரை மதிப்பெண் போடுகிறார்கள்; எட்டாவதாக, வாழ்நாள் முழுவதும் இப்படியே இருந்தால் உங்களுக்கு எப்படியிருக்கும் என்று தனியாகக் கேட்கிறார்கள். பெரியப்பா வாய் திறந்தது அந்தக் கேள்விக்குத்தான்: "ராத்திரி தூங்குனாத்தானே டாக்டர், காலையில மனுசனா எந்திரிக்க முடியும்?" கெட்ட தூக்கமும் ஆட்களைத் தவிர்ப்பதும் மனச்சோர்வுக்கு வழிவிடுகின்றன, சோர்ந்த மனமோ அதே தொந்தரவைக் கூடுதலாக உணரவைக்கிறது.

மாத்திரைகளிலும் கவனம் தேவை. புராஸ்டேட் தொந்தரவுக்குத் தரப்படும் டாம்சுலோசின் அங்குள்ள தசையைத் தளர்த்தி, சில நாட்களிலேயே நீர் பிரிவதை எளிதாக்கும். ஆனால் எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றலாம் என்பதால், படகில் நின்று வலை இழுப்பவர் தன் தொழிலை மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். சுரப்பியைச் சுருக்கும் பினாஸ்டிரைடு, டூட்டாஸ்டிரைடு ஆகியவை முழுப்பலன் தர ஆறு மாதமாவது ஆகும். பினாஸ்டிரைடு மாத்திரையின் பக்கவிளைவுகளில் தற்கொலை எண்ணமும் ஒன்று என்று ஐரோப்பிய மருந்து முகமை 2025இல் உறுதிசெய்தது. பெரும்பாலான புகார்கள் முடி உதிர்வுக்கு 1 மில்லிகிராம் எடுத்தவர்களிடமிருந்து வந்தவை. புராஸ்டேட்டுக்குத் தருவது 5 மில்லிகிராம். பயந்துபோய்த் தானாக நிறுத்துவதைவிட, முன்பு மனச்சோர்வு இருந்ததையும் இப்போது மனநிலை மாறுவதையும் மருத்துவரிடம் சொல்வதே சரி.

எதிர்த்திசையிலும் சிக்கல் உண்டு. மனச்சோர்வுக்கும் தூக்கத்துக்கும் தரப்படும் அமிட்ரிப்டிலின், மெடிக்கலில் கேட்டு வாங்கும் சளி மாத்திரைகள் சில ஆகியவை பெருத்த புராஸ்டேட் உள்ளவருக்கு நீரை அடியோடு அடைத்துவிடக்கூடும். அப்படி அடைத்தால் விடியும்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்க் குழாய் போட்டு நீரை எடுக்க வேண்டும்.

மனநல மருத்துவர் என்றதும் எங்கள் கரையில் ஏர்வாடிதான் நினைவுக்கு வரும். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் உட்பட 28 பேர் இறந்ததைக் கண்ட தலைமுறை இது. அந்த அச்சத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மனச்சோர்வுக்கு யாரையும் எங்கும் கொண்டுபோய் விட வேண்டியதில்லை, புறநோயாளியாகவே பார்த்துக்கொள்ளலாம். நேரில் போகக் கூச்சப்படுபவர்கள் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். எந்த மருத்துவரிடம் போனாலும், வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகள் அனைத்தையும், சளி மாத்திரை உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.