தலையில் தூக்கிவைத்த படங்கள்

மார்ச் 3, 2025

ஆஸ்கர் முடிவுகள் வந்துவிட்டன. ‘அனோரா’வுக்கு 5: படம், இயக்கம், நடிகை, திரைக்கதை, படத்தொகுப்பு. போன வருடம் கான் திரைப்பட விழாவின் உச்ச விருதான தங்கப்பனையும் அதற்குத்தான். அறிவிப்பு வந்த சூடு ஆறுவதற்குள் நண்பர் ஒருவரிடமிருந்து செய்தி: “பாத்தீங்களா, இதுக்குப் போய் இவ்வளவு பில்டப்பா?” படத்தைப் பார்த்தாரா என்று கேட்டேன். “முக்கால்வாசி” என்றார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் அதில் நடுவே வரும் அந்த நீண்ட வீட்டு ரகளைதான் பிடித்தது. தொடக்கத்துக் கொண்டாட்டங்களைப் பாதியாகக் குறைத்திருக்கலாம். ஆனால் கவனியுங்கள், படம் மோசம் என்று அவர் சொல்லவில்லை. கோபமெல்லாம் பாராட்டியவர்கள் மேல்.

இப்படி ‘ஓவர்ரேட்டட்’ என்று அடிக்கடி திட்டு வாங்கும் படங்களாகப் பொறுக்கி இந்த மாதம் மறுபடி பார்க்கப் போகிறேன். பார்த்ததும் இங்கே எழுதுகிறேன்.

மார்ச் 5

படத்துக்கு முன்னால் கொஞ்சம் கணக்கு.

விமர்சனங்களைத் தொகுக்கும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் 98 விழுக்காடு என்றால் அது நூற்றுக்கு 98 மதிப்பெண் இல்லை. நூறு விமர்சகர்களில் 98 பேர் ‘பார்க்கலாம்’ என்றோ அதற்கு மேலோ சொன்னார்கள், அவ்வளவுதான். எல்லோரும் ‘பரவாயில்லை’ என்று சொல்லிவிட்டுப் போன படம் அங்கே நூறைத் தொடும். பாதிப் பேர் உருகி, பாதிப் பேர் எரிச்சலில் எழுந்து போன படம் ஐம்பதில் நின்று அழுகிய தக்காளி வாங்கும். இது தெரியாமல் 98ஐப் பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தால் ஏமாற்றம்தான்.

2021இல் ஒரு கூத்து நடந்தது. ‘சிட்டிசன் கேன்’ அதுவரை அங்கே 100. படம் வந்த 1941இல் சிகாகோ ட்ரிப்யூன் வெளியிட்ட ஒரு விமர்சனம் பழைய காகிதங்களிலிருந்து வெளியே வந்து கணக்கில் சேர்ந்தது, 99 ஆகிவிட்டது. எழுதியவரின் பெயர் மே டினே. சேர்த்துப் படித்தால் மேட்டினி, அதாவது பகல் காட்சி; புனைபெயர்தான். எண்பது வருடத்துக்கு முன்னால் ஒருவர் அசராமல் உட்கார்ந்திருந்ததால், கோட்டு போட்ட கரடிக்குட்டியின் ‘பேடிங்டன் 2’ கேனைத் தாண்டி மேலே போனது. கொஞ்ச நாளில் அதற்கும் ஒரு எதிர் விமர்சனம் வந்து அதுவும் இறங்கியது. நியாயம்!

மார்ச் 8

இன்று அந்தக் ‘கேன்’தான், பத்திரிகை முதலாளி ஒருவரின் கதை.

‘சைட் அண்ட் சவுண்ட்’ பத்திரிகை பத்து வருடத்துக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் கணிப்பு எடுக்கிறது. 1962 முதல் 2002 வரை ஐந்து முறை தொடர்ந்து முதலிடம் இதற்கே. உலகின் தலைசிறந்த படம் என்று காதில் ஓதி ஓதி ஒருவரைக் கொண்டுவந்து உட்காரவைத்தால், அவர் முதல் பத்து நிமிடத்திலேயே அதைத் தேட ஆரம்பித்துவிடுகிறார். படம் பார்ப்பதில்லை, ஆதாரம் தேடுகிறார்.

எதைத் தேட வேண்டும் என்பதும் சிக்கல். இதில் புதிதாக இருந்ததையெல்லாம் பின்னால் வந்தவர்கள் எடுத்துப் பழசாக்கிவிட்டார்கள். இறந்தவனின் கதையை ஆளுக்கொரு பக்கமாகச் சொல்வது, காலத்தை முன்னும் பின்னும் கலைத்துப் போடுவது, கூரை தெரியும்படி கீழிருந்து எடுப்பது எல்லாம் இன்று தொலைக்காட்சித் தொடர்களிலேயே கிடைக்கிறது.

ஆனால் அந்தப் பனிக் காட்சியை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். சிறுவன் வெளியே பனியில் விளையாடுகிறான். கேமரா பின்னால் வருகிறது. அது ஜன்னல் என்று அப்போதுதான் தெரிகிறது. இன்னும் பின்னால் வருகிறது. அம்மா, வங்கிக்காரர், அப்பா. மேசை. அம்மா உட்கார்ந்து மகனை ஒப்படைக்கும் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறார். அவர்களுக்கு நடுவே, தூரத்து ஜன்னல் சட்டத்துக்குள், பையன் இன்னும் கத்தி விளையாடிக்கொண்டிருக்கிறான், துல்லியமாக. தன் வாழ்க்கையை யாரோ எழுதிக் கொடுத்துக்கொண்டிருப்பது அவனுக்குத் தெரியாது. நமக்கு இரண்டும் ஒரே சட்டத்தில் தெரிகிறது. ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்டின் பெயரை இயக்குநர் ஆர்சன் வெல்ஸ் தன் பெயர் இருந்த அதே அட்டையில் போட்டது சும்மா இல்லை. வெல்ஸுக்கு அப்போது 25 வயது என்பது தனி வயிற்றெரிச்சல்.

அதேபோல் காலை உணவு மேசை. ஒரு திருமணம் தேய்வதைச் சில நிமிடத்தில் சொல்லிவிடுகிறார்கள். கடைசியில் மனைவி உட்கார்ந்து படிப்பது போட்டிப் பத்திரிகை. ஒரு வார்த்தை இல்லை.

சரி, குறை? இருக்கிறது. படம் முழுக்கக் கேனைச் சுற்றி வருகிறோம், பக்கத்தில் போவதில்லை. இரண்டாம் மனைவி சூசன் வரும் பகுதி இழுக்கிறது. சாகும்போது கேன் சொல்லும் அந்த ஒற்றைச் சொல்லுக்குக் கடைசியில் கிடைக்கும் விடை ரொம்ப வசதியானது. அது மலிவான பிராய்டு உளவியல் என்று வெல்ஸே ஒப்புக்கொண்டார். படம் வந்த வருடமே விமர்சனம் எழுதிய அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸ் ஒன்று சொன்னார்: வரலாற்று மதிப்பை யாரும் மறுக்க முடியாத, ஆனால் யாரும் திரும்பப் பார்க்க விரும்பாத படங்கள் உண்டு, இதுவும் அப்படித்தான் நிலைக்கும் என்று. முதல் பாதி பலித்தது. இரண்டாம் பாதிக்கு என் பதில், நான் திரும்பப் பார்த்தேன், இனியும் பார்ப்பேன், ஆனால் காட்சி காட்சியாக. இந்தப் படத்தை மதிக்க முடிகிறது. நேசி என்றால் முடியவில்லை.

மார்ச் 9

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், “கேனைக் குறை சொல்ல உங்களுக்கு என்ன தகுதி?” என்று கேட்கிறார். தகுதி வேண்டுமென்றால் ஸ்வீடன் இயக்குநர் இங்மார் பெர்க்மனை அழைத்துக்கொள்கிறேன். அது படுசலிப்பு என்று ஒரு பேட்டியில் பட்டென்று சொன்னவர் அவர்.

மார்ச் 13

‘தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்’. அக்காவும் உட்கார்ந்தாள். இது அவளுடைய படம்.

இதன் கதை நேர் தலைகீழ். இதைத் தலையில் தூக்கிவைத்தது விமர்சகர் கூட்டம் இல்லை. 1994இல் வந்து திரையரங்கில் படுத்துவிட்டது. இரண்டரைக் கோடி டாலர் செலவு, முதல் ஓட்டத்தில் வந்தது ஒரு கோடியே 60 லட்சம் போல. ஆஸ்கரில் 7 பரிந்துரை, கையில் ஒன்றும் இல்லை. அந்த வருடம் ‘ஃபாரஸ்ட் கம்ப்’ அள்ளிக்கொண்டு போனது. அப்புறம் வீடியோ, தொலைக்காட்சி என்று வீட்டுக்குள் வந்துதான் உயிர் பிழைத்தது. 2008 முதல், ரசிகர்கள் மதிப்பெண் போடும் ஐஎம்டிபி தளத்துப் பட்டியலின் உச்சியில் இருக்கிறது. அங்கே முதலிடம் பிடிக்க யாரையும் பைத்தியமாக்க வேண்டாம், யாருக்கும் பிடிக்காமல் போகக் கூடாது. இந்தப் படம் அதற்கென்றே அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கிறது.

எனக்குள்ள குறை ஒரு காட்சியிலேயே தெரிந்துவிடும். சிறைக் கைதியான நாயகன் ஆண்டி அறையைப் பூட்டிக்கொண்டு மோட்சார்ட்டை ஒலிபெருக்கியில் போடுகிறான். சிறை முற்றத்தில் அத்தனை பேரும் அப்படியே நின்று அண்ணாந்து பார்க்கிறார்கள். அற்புதமான இடம். அங்கே போய், சக கைதியாகக் கதை சொல்லும் மார்கன் ஃப்ரீமனின் குரல் வந்து, அந்தப் பாட்டு எங்களை என்ன செய்தது தெரியுமா என்று விளக்க ஆரம்பிக்கிறது. அதான் தெரிகிறதே! முகங்களை நம்பியிருக்கலாம், மோட்சார்ட்டை நம்பியிருக்கலாம்.

இதைச் சொன்னேன். “உனக்கு எதுவும் பிடிக்காதுடா. பேசாம பாரு.”

“பிடிக்குதுக்கா. ஆனா உலகத்துல முதல் படமா?”

“யாரு சொன்னா முதல் படம்னு? நான் சொன்னனா?”

அதுவும் சரிதான். பத்துக்கு ஒன்பது கொடுத்த லட்சக்கணக்கானவர்களில் பெரும்பாலோர் அப்படிச் சொல்லவில்லை. கூட்டிப் பார்த்த கணக்கு சொல்கிறது. கடைசிக் கடற்கரையில் அக்கா வழக்கம்போல் அழுதாள்.

மார்ச் 15

‘கிராஷ்’. 2006இல் சிறந்த பட ஆஸ்கர். ‘புரோக்பேக் மவுண்டன்’ இருக்க இதற்கா என்ற சத்தம் இன்றுவரை ஓயவில்லை. உறையைப் பிரித்த ஜாக் நிக்கல்சனே மேடையில் வியந்துபோனார்.

இதற்கு நீளமாக எழுத மனம் வரவில்லை. லாஸ் ஏஞ்சலிஸில் ஒருவரை ஒருவர் சந்திக்கும் எல்லோரும் முதல் வாக்கியத்திலேயே இனவெறியைக் கொட்டுகிறார்கள், அடுத்த அரைமணியில் அதற்குப் பரிகாரமும் செய்துவிடுகிறார்கள். பெண்ணைக் கேவலப்படுத்திய போலீஸ்காரர் அதே பெண்ணை எரியும் காரிலிருந்து காப்பாற்றுவார். இவ்வளவு பெரிய ஊரில் வேறு போலீஸே இல்லையா? இங்கே பாராட்டு கிடைத்தது எடுத்துக்கொண்ட பொருளுக்கு. இது அந்த வருடத்தின் சிறந்த படம் என்று தனக்கே தோன்றவில்லை என்று இயக்குநர் பால் ஹாகிஸ் 2015இல் சொல்லிவிட்டார். படைத்தவரே கைகழுவிய பிறகு நான் என்ன வாதாடுவது?

இதுவரை பார்த்ததில் தகுதிக்கு மீறிய புகழ் என்று தயங்காமல் சொல்வேன் என்றால் இதைத்தான்.

மார்ச் 19

ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’. 1958இல் வந்தபோது கலவையான வரவேற்பு. இடையில் பல வருடம் வெளியே பார்க்கவே கிடைக்கவில்லை. அப்புறம் அதே பத்திரிகைக் கணிப்பில் 1982இல் ஏழாவது, 92இல் நான்காவது, 2002இல் இரண்டாவது, 2012இல் முதலிடம். ஏணிப்படி ஏறுவதுபோல் ஏறியிருக்கிறது.

2012 எண்களைப் பாருங்கள். வாக்களித்த விமர்சகர்கள் 846 பேர், ஆளுக்குப் பத்துப் படம். ‘வெர்டிகோ’வைத் தங்கள் பத்தில் சேர்த்தவர்கள் 191. ‘கேன்’ 157. அதாவது முக்கால்வாசிப் பேருக்கு மேல் அந்த முதலிடப் படத்தைத் தங்கள் பட்டியலிலேயே எழுதவில்லை! ‘விமர்சகர்கள் எல்லோரும் சேர்ந்து நம் தலையில் கட்டிவிட்டார்கள்’ என்று புலம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எல்லோரும் கட்டவில்லை. கால்வாசிக்கும் குறைவானவர்கள் தீராத மோகத்தோடு கட்டினார்கள்.

புகழ் வந்த வழி தெரிந்துவிட்டால் படத்தின் மேல் உள்ள எரிச்சலில் பாதி காணாமல் போய்விடுகிறது. மிச்சம் நிற்பதுதான் உண்மையான விமர்சனம்.

என் மிச்சம் இது: முதல் ஒரு மணி நேரம் நாயகன் நண்பனின் மனைவியைக் காரில் பின்தொடர்வது, பின்தொடர்வது, மறுபடி பின்தொடர்வது. சதித் திட்டத்தை யோசித்தால் சிரிப்பு வரும். ஆனால் ஹிட்ச்காக் மர்மத்தை முடிவுவரை காப்பாற்றவில்லை. மூன்றில் ஒரு பங்கு படம் மீதி இருக்கும்போதே ஜூடியின் கடிதம் வழியாக நம்மிடம் போட்டு உடைத்துவிடுகிறார். நிறையப் பேருக்கு அதுதான் கோபம். எனக்கு அங்கேதான் படம் தொடங்குகிறது. உடை மாற்று, முடி நிறம் மாற்று, கொண்டையைத் தூக்கிக் கட்டு என்று இறந்த அந்தப் பெண்ணைப்போலவே ஆக்க அவன் ஜூடியைப் பிடுங்கியெடுக்கிறான். கடைசியில் பச்சை விளக்கொளியில் அவள் வந்து நிற்கும்போது அவன் கண்ணில் காதல், நமக்குக் குமட்டல். கதாநாயகனை இப்படி வெறுக்கவைக்க அன்று எத்தனை பேருக்குத் துணிச்சல் இருந்தது?

மார்ச் 23

2022இல் ‘வெர்டிகோ’வைக் கீழே இறக்கிய படம்: ஷான்டால் அகெர்மனின் ‘ஜான் டீல்மன்’, 1975. 201 நிமிடம். ஒரு விதவை மூன்று நாள் சமைக்கிறாள், பாத்திரம் கழுவுகிறாள், மகனுக்குச் சாப்பாடு போடுகிறாள். பிற்பகலில் பணம் கொடுத்து அவளோடு படுக்க ஆள் வந்து போகிறான். போன கணிப்பில் 36ஆம் இடத்துப் பக்கம் இருந்தது ஒரே தாவலில் உச்சிக்கு வந்தது. அந்த முறை வாக்களித்தவர்கள் 1,639 பேர், கிட்டத்தட்ட இரட்டிப்பு. வாக்காளர் மாறினால் முடிவு மாறும். இதில் சதி எதுவும் தேவையில்லை.

அமெரிக்க இயக்குநர் பால் ஷ்ரேடர் கொதித்துப்போய் எழுதினார். அவருக்கு இந்தப் படம் மிகவும் பிடித்த படம் என்பதுதான் வேடிக்கை. இந்த எதிர்பாராத முதலிடம் படத்துக்கு நன்மை செய்யாது என்றார். கணிப்பைத் திட்டியதில் எனக்கு உடன்பாடு இல்லை, ஆனால் இந்த ஒரு வரியில் அவர் சொன்னது நடந்துவிட்டது. பட்டியலைப் பார்த்து ஓடிவந்து, இருபதாவது நிமிடத்தில் ‘என்னய்யா இது’ என்று கிளம்பியவர்கள் ஏராளம்.

நான் மதியம் உட்கார்ந்து, ஒருமுறை எழுந்து நடந்துவிட்டு வந்து, முடித்தேன். முதல் நாள் எல்லாம் அச்சு பிசகாமல் நடக்கிறது. விளக்கு போடுவது, அணைப்பது, அதுவரை. இரண்டாம் நாள் உருளைக்கிழங்கு அளவுக்கு மீறி வெந்துவிடுகிறது. நாயகியாக நடிக்கும் டெல்ஃபின் செரிக் பானையைக் கையில் வைத்துக்கொண்டு அங்கும் இங்கும் போகிறாள்; எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வேறு படத்தில் இது ஒன்றுமே இல்லை. இங்கே, முதல் நாளை முழுசாக உட்கார்ந்து பார்த்தவருக்கு, வீடு இடிந்த மாதிரி இருக்கும். அந்த நீளம் இல்லாமல் அந்தப் பானைக்கு அர்த்தம் கிடையாது. வெட்டிச் சுருக்கிப் பார்க்கவே முடியாத படம் இது.

முதலிடமா? எனக்கு இல்லை. கடைசியில் நடக்கும் அந்தச் செயல் ஒரு படி அதிகம் என்று இன்றும் தோன்றுகிறது. உருளைக்கிழங்கே போதுமாக இருந்தது. ஆனால் சலிப்பு என்று சொல்கிறவர்களிடம் எத்தனை நிமிடம் பார்த்தீர்கள் என்று கேட்பேன்.

மார்ச் 30

அந்தோனியோனியின் ‘லவ்வெந்தூரா’. 1960இல் கானில் திரையிட்டபோது கூச்சலும் கேலிச் சிரிப்பும். மறுநாள் இயக்குநர் ரொசெல்லினி முதலான பலர் ஆதரவு அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள், நடுவர் பரிசும் கிடைத்தது. இரண்டே வருடத்தில், 1962 கணிப்பில் ‘கேனு’க்கு அடுத்த இடம்.

தீவில் ஆனா என்ற பெண் காணாமல் போகிறாள். தேடுகிறார்கள். கிடைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தேடுகிறவர்களுக்கே அவள் மறந்துபோகிறாள், படத்துக்கும்தான். பாறை, காற்று, கடல் என்று அந்தத் தீவுப் பகுதி கண்ணை எடுக்கவிடாது. அதற்கப்புறம் அவள் காதலன் சாண்ட்ரோவும் தோழி கிளாவுடியாவும் ஊர் ஊராகப் போகிறார்கள், எனக்குத்தான் எங்கும் போக முடியவில்லை. நடுவில் ஒரு பொன்னான இடம்: இளைஞன் ஒருவன் பொறுமையாக வரைந்துகொண்டிருக்கும் கட்டடப் படத்தின் மேல், கட்டடக்கலையைக் கைவிட்ட சாண்ட்ரோ சும்மா தட்டிவிடுவதுபோல் மையைக் கொட்டிவிடுகிறான். ஒரு மனிதனை இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. அதைப்போல் இன்னும் நாலு இருந்திருந்தால் நானும் அறிக்கையில் கையெழுத்துப் போட்டிருப்பேன். கூச்சல் போட்டிருக்க மாட்டேன். கடிகாரத்தை நிச்சயம் பார்த்திருப்பேன்.

ஏப்ரலில் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’. முதல் 25 நிமிடம் யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள் என்று சொன்னதுமே, தான் வரவில்லை என்று அக்கா சொல்லிவிட்டாள்.