ஒத்திக்கு வீடு பார்க்கப் போய்

போன வருஷம் திருச்சி பாலக்கரைப் பக்கம் வீடு தேடிக்கொண்டிருந்தேன். புரோக்கர் ஒரு மாடி வீட்டைக் காட்டினார். ரெண்டு ரூம், பின்னால் துணி துவைக்க இடம், போர் தண்ணீர். ஆறு லட்சம் ஒத்தி, மூன்று வருஷம். "வீட்டுக்கு வாடகை இல்ல, பணத்துக்கு வட்டி இல்ல பாய், காலி பண்ணும்போது ஆறு லட்சத்தையும் முழுசா எண்ணி வாங்கிக்கலாம்" என்றார். சென்னையில் இதையே லீஸ் என்பார்கள், போகியம் என்றும் சொல்வார்கள். எங்கள் தெருவில் ஹஜ் செய்துவிட்டு வந்தவர்களே ஒத்தி வீட்டில்தான் இருக்கிறார்கள், அதனால் எனக்கு இதில் சந்தேகமே வரவில்லை. அத்தாதான் "எதுக்கும் ஹஜ்ரத்துகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடு" என்றார்.

அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் இமாமான ஹஜ்ரத்தைப் பிடித்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி. அந்த வீட்டை வாடகைக்கு விட்டால் எவ்வளவு போகும்? எட்டாயிரம் என்றேன். போனை எடுத்து 36 மாதத்தால் பெருக்கிக் காட்டினார். 2,88,000. "ஆறு லட்சம் குடுக்குறீங்க, ஆறு லட்சமும் திரும்பி வந்துடுது. அப்போ அது கடன். இந்த ரெண்டு லட்சத்து எண்பத்தெட்டாயிரம் எதுக்காக வருது தம்பி?"

நான் வாயைத் திறக்கவில்லை. லாபம் தரும் கடன் எல்லாம் மார்க்கத்தில் தடுக்கப்பட்ட வட்டி என்பது மதரசாவில் ஓதிய பிள்ளைக்கே தெரியும், எனக்கும் தெரியும், ஆனால் அதை ஒரு வீட்டின் மேல் வைத்துப் பார்த்ததில்லை. ஒத்தி என்பது உண்மையில் வாடகை ஒப்பந்தமே இல்லை, அடமானம். கடனுக்கு ஈடாக வந்த பொருளைக் கடன் கொடுத்தவர் அனுபவிக்கிறார். நிபந்தனை போடாமல், சொந்தக்காரர் தானாக மனசு வந்து அனுமதித்தால் கூடும் என்று ஹனஃபி என்ற சட்டப் பிரிவின் பழைய நூல்களில் ஒரு கருத்து உண்டு. சரி, ஆனால் குடியிருக்க விடமாட்டேன் என்று சொன்னால் எவன் ஆறு லட்சம் கொடுப்பான்?

நானும் விடவில்லை. பேருக்கு மாசம் ஐநூறு ரூபாய் வாடகை என்று எழுதிக்கொண்டால்? ஹஜ்ரத் சிரித்துவிட்டார். பெரிய தொகை கொடுத்ததற்காகத்தானே எட்டாயிரம் ஐநூறானது, மீதி ஏழாயிரத்து ஐநூறு எங்கே போனது என்றார். இந்தக் கணக்கைப் பார்த்தால் அட்வான்ஸை ஏற்றி வாடகையைக் குறைக்கும் பேரமும் இதே ரகம்தான். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஃபிக்ஹில், அதாவது இஸ்லாமியச் சட்டத்தில், வாடகை, கூலி இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான்: இஜாரா. ஒரு பொருளின் பயனையோ ஒருவரின் உழைப்பையோ காசுக்கு வாங்குவது. என்ன பயன், எத்தனை நாள், எவ்வளவு காசு என்ற மூன்றும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். மத்யன் என்ற ஊரில் மூஸா நபியை வேலைக்கு வைத்த பெரியவர் அவரிடம் பேசியது இப்படித்தான். எட்டு வருஷம் வேலை செய்ய வேண்டும், பத்தாக்கினால் அது உன் விருப்பம் (குர்ஆன் 28:27). மதீனாவில் சிலர் நிலத்தைக் குத்தகைக்கு விடும்போது வாய்க்கால் ஓரத்தில் விளைவது எனக்கு, மற்றது உனக்கு என்று பேசுவார்களாம். ஒரு பக்கம் விளையும், இன்னொரு பக்கம் பட்டுப்போகும். நபி (ஸல்) அதைத் தடுத்தார்கள், பொன்னுக்கும் வெள்ளிக்கும் விடுவதில் தவறில்லை என்று அதை அறிவிக்கும் ராஃபிஉ பின் கதீஜ் (ரலி) சொல்கிறார்.

சரி, வீட்டுக்காரருக்கு மொத்தமாகப் பணம் வேண்டும், மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். ஹஜ்ரத்தே வழி சொன்னார். ரெண்டு வருஷ வாடகையை முன்னாலேயே மொத்தமாகக் கொடுங்கள், அதற்காக வாடகையைக் குறைத்தாலும் பரவாயில்லை, அது கடன் இல்லை, வாடகை, திரும்ப வராது. மாசம் ஏழாயிரம், 24 மாதத்துக்கு 1,68,000 என்று பேசி முடித்தோம். வீடு இடிந்தோ எரிந்தோ குடியிருக்க முடியாமல் போனால் மிச்ச மாசப் பணம் திரும்ப வேண்டும், கூரை, சுவர், குழாய் ரிப்பேர் அவருடையது என்றும் எழுதினோம். மிச்சப் பணத்துக்கு அவர் நகையை விற்றார், அதை நினைத்தால் இன்னும் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது.

அவருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. ஹனஃபியில் இருவரில் ஒருவர் மவுத்தாகிவிட்டால் ஒப்பந்தம் முறிந்துவிடும், வாரிசுகளிடம் புதிதாகப் பேச வேண்டும். ஷாஃபி என்ற இன்னொரு பிரிவில் தவணை முடியும் வரை ஓடும். என் மனைவி நாகூர்ப் பக்கம், ஷாஃபி. "அப்படின்னா அக்ரிமென்ட்ட என் பேர்ல போட்டிருக்கலாம்ல" என்றாள்.

மாமியாருக்குத்தான் இன்னும் ஆறவில்லை. ஒத்தியாக இருந்தால் காசு காசாகவே இருந்திருக்கும், இப்போது ஒன்றே முக்கால் லட்சம் தண்ணீராகப் போய்விட்டது என்கிறார். போகத்தான் செய்தது. இல்லை என்று சொல்லமாட்டேன்.

குடி போவதற்கு முன் பெயின்டரைக் கூப்பிட்டேன். எவ்வளவு என்றால் "பாத்துக் குடுங்க பாய்" என்றார். இரண்டு தடவை கேட்டும் அதே பதில். முன்பெல்லாம் இது மரியாதை என்று நினைத்திருந்தேன். கூலி பேசாத வேலைக்கு ஊரில் நடப்பில் உள்ள கூலியைக் கொடுக்க வேண்டும் என்பது ஃபிக்ஹ் சட்டம், ஆனால் அந்த நிலைக்கு விடக்கூடாது. ரேட்டைச் சொன்னால்தான் பெயின்ட் டப்பாவைத் திறக்கலாம் என்று நின்றேன், பாவம், அவர் கூச்சத்தோடு 4,500 என்றார்.

இவ்வளவு படித்தவன் புரோக்கரிடம் கமிஷனைப் பேச மறந்துவிட்டேன். சாவி வாங்கும் அன்று வந்து நிற்கிறார். ஆறு லட்சம் ஒத்திக்கு உள்ள கமிஷன் வேண்டுமாம். அது ஒத்தியே இல்லையே என்றேன். கடைசியில் ஊர் வழக்கப்படி ஒரு மாச வாடகை என்று இறங்கிவந்தார். அது ஏழாயிரமா எட்டாயிரமா என்பதில் அரை மணி நேரம் போனது.