மானிட்டர் காட்டும் எண்ணுக்கு நோயாளி தரும் விலை

ஆர்ட்டீரியல் லைன் (ரத்த அழுத்தத்தை இடைவிடாமல் காட்ட, பெரும்பாலும் மணிக்கட்டில், தமனிக்குள் செருகும் குழாய்) போடும் முன் கேட்கவேண்டியது ஒன்றுதான்: இந்த எண்ணைப் பார்த்து எந்த மருந்தைக் கூட்டப்போகிறோம், எதைக் குறைக்கப்போகிறோம்? பதில் இல்லையென்றால் கையில் கட்டும் கஃப்பே போதும். அழுத்தத்தை உயர்த்தும் நார்அட்ரினலின் மருந்து ஓடும் நோயாளிக்குப் போதாது. இரண்டு அளவீடுகளுக்கு நடுவே அழுத்தம் சரிந்தால் கஃப்புக்குத் தெரியாது.

லைன் உள்ளே போனதாலேயே எண் சரியாகிவிடாது. அழுத்தத்தை உணர்ந்து மானிட்டருக்கு அனுப்பும் டிரான்ஸ்டியூசர் இதய மட்டத்தில், நான்காம் விலா இடைவெளிக்கு நேராக நடு அக்குள் கோட்டில் நிற்க வேண்டும். யாரோ கட்டிலை 10 செ.மீ. உயர்த்திவிட்டு, ஸ்டாண்டில் இருக்கும் டிரான்ஸ்டியூசரை மறந்தால், அழுத்தம் ஏறக்குறைய 7.5 மி.மீ. (பாதரச அளவு) கூடுதலாகத் தெரியும். உண்மையில் 58ஆக இருக்கும் சராசரி அழுத்தம் 65 என்று காட்டும்; மருந்தைக் குறைக்கவும் கை போகும்.

மானிட்டரில் அழுத்த அலை தட்டையானால் காற்றுக்குமிழி, ரத்தக்கட்டி, மடங்கிய மணிக்கட்டு, 300 மி.மீ.க்குக் கீழே இறங்கிய பிரஷர் பேக் (லைன் அடைபடாமல் சலைனைத் தள்ளும் ஃப்ளஷ் பையை அழுத்தும் உறை) என்று வரிசையாகப் பாருங்கள். ஃப்ளஷ்ஷை இழுத்து விட்டதும் அலை ஓரிரு முறை ஆடி அடங்க வேண்டும். ஆடாவிட்டால் சிஸ்டாலிக்கை (மேல் அழுத்தம்) குறைத்துக் காட்டும், ஆடிக்கொண்டே இருந்தால் கூட்டிக் காட்டும். இரண்டிலும் சராசரியைத்தான் ஓரளவு நம்பலாம்.

என் கணக்கில் இவற்றைவிட ஆபத்தானது ஃப்ளஷ் பை. சலைனுக்குப் பதில் டெக்ஸ்ட்ரோஸ் தொங்கினால், அந்த லைனில் எடுத்த ரத்தத்தில் சர்க்கரை பொய்யாக ஏறும். அதை நம்பி இன்சுலின் கொடுத்தால் மூளைக்கே சேதம். திடீரென்று சர்க்கரை எகிறினால், இன்சுலினைத் தொடும் முன் வேறு இடத்தில் குத்திப் பாருங்கள்.

பெரிய சிரைக்குள் செல்லும் சென்ட்ரல் லைன் வலுவான மருந்துகளுக்குத் தேவை. அதில் கிடைக்கும் சிவிபியை (மையச் சிரை அழுத்தம்) வைத்து மட்டும் சலைன் ஏற்றுவதற்கு ஆதாரம் மிக பலவீனம். நுரையீரல் தமனிக்குள் செலுத்தும், நுனியில் பலூன் கொண்ட, 1970இல் வந்த ஸ்வான்-கான்ஸ் கதீட்டரும் அப்படித்தான் அடங்கியது: பிரிட்டனில் 65 ஐசியுக்களில் நடந்து 2005இல் வெளியான பேக்-மேன் ஆய்வில் இறப்பு விகிதம் மாறவில்லை. நுரையீரல் தமனி அழுத்தம் கூடியவர்களிடம் இன்றும் அதற்கு இடமுண்டு. ஆனால் பலூனில் 1.5 மி.லி.க்கு மேல் காற்று கூடாது, அளந்ததும் இறக்கிவிட வேண்டும். தமனி கிழிவது அரிது, கிழிந்தால் உயிருக்கே ஆபத்து.

பெரும்பாலான லைன்கள் தேவை முடிந்தும் தங்குவது, ரத்தம் எடுக்க வசதி என்பதால். அந்த வசதியே தேவையற்ற பரிசோதனைகளைக் கூட்டி, ஹீமோகுளோபினைக் குறைக்கிறது. காலை ரவுண்ட்ஸில் ஒவ்வொரு லைனுக்கும் இன்றைய காரணம் சொல்லப்பட வேண்டும். எடுக்கும்வரை லைன் உள்ள கை போர்வைக்கு வெளியே இருக்கட்டும்: விரல் வெளுத்தாலும் இணைப்பு கழன்று ரத்தம் கசிந்தாலும் உடனே கண்ணில் படும்.