உள்ளங்கையில் வைக்கோல்

1983ஆம் வருடம், ஒன்பதாம் வகுப்புச் சுற்றுலா. தூத்துக்குடியில் இருந்து பாஞ்சாலங்குறிச்சி ஒன்றும் தூரமில்லை. மதுரை ரோட்டில் குறுக்குச்சாலை வந்ததும் திரும்பினால் கொஞ்ச நேரம்தான். அந்தக் கொஞ்ச நேரமும் பஸ் முழுக்கக் கட்டபொம்மன் வசனம். ஆண்டு விழாவில் கட்டபொம்மனாக வேஷம் கட்டிய எங்கள் நண்பன் சீட்டில் ஏறி நின்று முழங்க, நாங்களும் கூடவே கத்திக்கொண்டு போனோம்.

பஸ் நின்றதும் கோட்டையைப் பார்த்து ஓடினோம். வரலாற்று சார் மட்டும் அசையவில்லை. “லேய், அது 1974ல கவர்மெண்டு கட்டுனது. அதையும் பாருங்க, வேண்டாங்கல. ஆனா பழசு அங்கன கெடக்கு, மொதல்ல அதப் பாருங்கலே” என்றார்.

பழசு என்றால் தொல்லியல் துறை வேலி போட்டுக் காத்துவரும் அரண்மனை அடித்தளம். வெயிலில் வெளிறிப்போன செங்கல் வரிசைகள், சில இடத்தில் முழங்கால் உயரம், சில இடத்தில் தரையோடு தரை. கொத்தளத்தையும் சிம்மாசனத்தையும் எதிர்பார்த்து வந்த எங்களுக்கு முகம் தொங்கிப்போனது.

சார் வேலியோரம் மண்ணிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். அண்ணன் கதை உங்களுக்கே தெரியும், நான் தம்பி கதை சொல்கிறேன் என்று ஆரம்பித்தார். 1799 செப்டம்பரில் வெள்ளைக்காரத் தளபதி பானர்மேனின் படை வந்தது, அக்டோபர் 16ல் கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள், தம்பி ஊமைத்துரையைப் பாளையங்கோட்டையில் அடைத்தார்கள். இவ்வளவையும் இரண்டே மூச்சில் முடித்தார். 1801 பிப்ரவரி 2ல் சிறையில் இருந்து தப்பிய ஊமைத்துரை, இடித்துப் போட்ட கோட்டையை ஆறே நாளில் எழுப்பிய இடம் வந்தபோதுதான் அவர் குரல் மாறியது. கருங்கல் கோட்டை இல்லை அது. வெறும் மண். ஏறக்குறைய 500 அடிக்கு 300 அடி, பன்னிரண்டு அடி உயரச் சுவர், சுற்றி முள்வேலி. மார்ச் 31ல் மெக்காலேயின் படை பீரங்கியால் சுவரை உடைத்து ஏறிப் பார்த்தது. உள்ளிருந்து நீண்டு வந்த ஈட்டிகளைத் தாண்ட முடியாமல் பிணங்களை விட்டுவிட்டுத் திரும்பியது. அந்த மண் சுவரைப் பிடிக்க அக்னியூ தலைமையில் இன்னொரு படையும் கூடுதல் பீரங்கிகளும் வரவேண்டியிருந்தது. மே 24ல்தான் கோட்டை விழுந்தது.

“பேச்சு வராதவரு எப்படி சார் உத்தரவு போட்டாரு?” இதைக் கேட்டது நான்தான். இன்றும் அதில் எனக்குப் பெருமை உண்டு.

சார் பதில் சொல்லவில்லை. கீழே கிடந்த காய்ந்த புல்லைத் துண்டு துண்டாகக் கிள்ளி இடது உள்ளங்கையில் அடுக்கினார். வெள்ளைக்காரப் படை. வலது கையால் ஒரே வீச்சில் வழித்துத் தள்ளினார், வாயால் ‘உஸ்’ஸென்று ஒரு சத்தம். அதுதான் ‘தாக்கு’ என்ற உத்தரவு. எதிர்த்தரப்பில் நின்று போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரியே இதை எழுதி வைத்திருக்கிறார். வைக்கோல் துண்டுகளை வைத்துத்தான் ஊமைத்துரை காட்டுவாராம்.

வெல்ஷ் எழுதியதில் இன்னொன்றும் உண்டு. கோட்டை விழுந்த பிறகு, கிடந்த உடல்களுக்கு நடுவே தன் மகனைத் தேடி ஒரு தாய் வருகிறாள். மகனுக்கு உயிர் இருக்கிறது. தூக்கப் போனால், ‘என்னை விடும்மா, பக்கத்தில் சாமி காயத்தோடு கிடக்கிறார், அவரைக் காப்பாற்று’ என்கிறான். பெண்கள் ஊமைத்துரையைத் தூக்கிக்கொண்டு போய் வீட்டில் கிடத்தினார்கள். வெள்ளைக்காரர்கள் பக்கம் நின்ற எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்தபோது வெள்ளைத்துணியால் மூடி, பெரியம்மையில் செத்துவிட்டான் என்று ஒப்பாரி வைத்தார்கள். அம்மை என்றதும் வந்தவர்கள் ஓடிவிட்டார்கள். மகனை விட்டுவிட்டு இன்னொருவரைத் தூக்கிய அந்தத் தாயைப் பற்றிச் சொல்லும்போது சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை.

பிறகு சிவகங்கைச் சீமையில் மருதுபாண்டியரோடு சேர்ந்து போரிட்ட ஊமைத்துரையை 1801 நவம்பர் 16ல் இதே பாஞ்சாலங்குறிச்சிக்குக் கொண்டுவந்து தூக்கிலிட்டார்கள். கோட்டையைத் தரைமட்டமாக்கி, உழுது, ஆமணக்கு விதைத்தார்கள் என்பது அந்தப் பக்கத்து ஊர்ப்பேச்சு. பக்கத்தில் வெள்ளைச் சிப்பாய்களின் கல்லறைகளும் இருக்கின்றன. சார் அங்கேயும் எங்களை அழைத்துப்போய், செருப்பைக் கழற்றச் சொன்னார்.

திரும்பும்போது பஸ்சில் வசனம் கேட்கவில்லை. சீட்டுக்குச் சீட்டு உள்ளங்கையில் புல், ‘உஸ்’, ‘உஸ்.’

போன ஜனவரியில் ஊருக்குப் போயிருந்தேன். சார் காலமாகி ஆறு வருடம் ஆகிறது. அன்று கட்டபொம்மனாக நடித்தவனும் நானும் அவன் வண்டியில் போனோம். புதுக் கோட்டையில் நல்ல கூட்டம், செங்கல் அடித்தளத்துப் பக்கம் எங்களைத் தவிர யாரும் இல்லை. அவனுக்கு மூட்டுவலி. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்தான். காய்ந்த புல்லைக் கிள்ளினான், இடது உள்ளங்கையில் ஒவ்வொன்றாக அடுக்கி என்னிடம் நீட்டினான். நான் வழித்துத் தள்ளினேன்.