மறியல் வாசலில் ரசிகருக்கு என்ன வேலை

2007-இல் ‘ஜெரிக்கோ’ தொடரை அமெரிக்க டிவி சேனலான சிபிஎஸ் நிறுத்தியபோது, ரசிகர்கள் சுமார் 20 டன் வேர்க்கடலையைச் சேனல் அலுவலகத்துக்கு அனுப்பிவைத்தார்கள். கூடுதலாக 7 எபிசோடுகள் கிடைத்தன. அதே ஆண்டு நவம்பர் 5 அன்று அமெரிக்கத் திரை எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்க, கடலை பென்சிலாக மாறியது. ஒரு டாலர் கட்டினால் ஒரு டஜன் பென்சில் ஸ்டூடியோ முதலாளிகளுக்குப் போகும். பத்திரிகைகளில் படம் வந்தது. ஆனால் ரசிகரைத் தக்கவைக்க நினைக்கும் சேனலுக்குக் கடலை உறைக்கும்; சம்பளக் கணக்கோடு உட்கார்ந்திருக்கும் முதலாளிக்குப் பென்சில் உறைக்காது. போராட்டம் 100 நாள் நீடித்தது.

2023-இல் மீண்டும் எழுத்தாளர் வேலைநிறுத்தம்: 148 நாள், சுமார் 11,500 எழுத்தாளர்கள். இம்முறை ரசிகர்களின் உதவி மறியல் நடந்த ஸ்டூடியோ வாசலுக்கே வந்தது. அங்கேதான் நுணுக்கம் வேண்டும்.

மறியலில் வண்டி போகும் வழியை அடைத்து நிற்க முடியாது. நடந்துகொண்டே இருக்க வேண்டும். ஒரு கையில் கோஷம் எழுதிய அட்டை இருக்கும். ஆகவே மற்றொரு கையால் சாப்பிட முடிந்ததுதான் உதவும். காலையில் டோனட் குவியும், பதினொரு மணிக்குமேல் தண்ணீர் தீர்ந்துவிடும். பெரிய வாசலுக்கு மூன்று பேர் பீட்சா அனுப்புவார்கள், பின்வாசலில் இருப்பவர்கள் காய்வார்கள். பந்தியில் ஒரே இலைக்கு மூன்று முறை பாயசம் ஊற்றுவது போலத்தான். எந்த வாசலில் எத்தனை பேர், எத்தனை மணிவரை என்பதை அங்குள்ள ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டுவிட்டு ஆர்டர் செய்தால் இந்தக் குழப்பம் இல்லை. ஐஸ், தொப்பி, சன்ஸ்கிரீன் எல்லாம் உணவுக்குச் சமம். அந்த ஜூலையில் யுனிவர்சல் ஸ்டூடியோ வாசலோர மரங்களின் கிளைகள் மொட்டையாக வெட்டப்பட்டபோது எழுந்த கோபத்தைப் பார்த்தவர்களுக்கு நிழலின் மதிப்பு தெரியும். அனுமதியில்லாமல் வெட்டியதற்கு நகராட்சி போட்ட அபராதம் 250 டாலர்!

நடிகர் டிரூ கேரி செய்தது இன்னும் எளிது. குறிப்பிட்ட இரண்டு உணவகங்களில் எழுத்தாளர் சங்க உறுப்பினர் அட்டையைக் காட்டினால் போதும், பில் அவருடையது. சமைத்தது வீணாகிற கதையே கிடையாது.

வெளிப்புறப் படப்பிடிப்பு நடக்கும் இடம் தெரிந்தால் அதை இணையத்தில் போடுவது ரசிகர்கள் அடிக்கடி செய்யும் தவறு. போட்ட மறுநிமிடமே தயாரிப்பாளர் நேரத்தை மாற்றிவிடலாம். சங்கத்திடம் மட்டும் சொன்னால், விடியுமுன் நாலைந்து பேர் அட்டையோடு போய் நிற்பார்கள். டீம்ஸ்டர்ஸ் என்ற தொழிற்சங்கத்தின் ஓட்டுநர்கள் மறியலைத் தாண்டி லாரியை உள்ளே விட மறுத்து, பல படப்பிடிப்புகள் அன்றைக்கு நின்றே போயின. அப்படித் திரும்பிப் போகும் ஓட்டுநரின் முகத்தைப் படமெடுத்துப் போடவும் கூடாது. அவர் வேலைக்கு ஆபத்து.

எழுத்தாளர் ஆகும் ஆசையுள்ள ரசிகர் கதைச் சுருக்கத்தை நீட்டாமல் இருப்பது நல்லது. பின்னால் திருட்டு வழக்கு வரும் என்ற பயத்தில் யாரும் வாங்க மாட்டார்கள். நின்றுபோன வேலையை ரகசியமாக எழுதிக்கொடுப்பவருக்கோ நாளை சங்கக் கதவு மூடிக்கொள்ளலாம்.

பணம் தருபவர்கள் என்டர்டெயின்மென்ட் கம்யூனிட்டி ஃபண்டுக்குத் தரலாம். லைட்மேன், தையல்காரர், ஓட்டுநர் என்று வேலை இழந்த எல்லோருக்கும் அது போய்ச் சேரும்.

சந்தாவை ரத்து செய்யச் சொல்லிச் சங்கம் கேட்கவில்லை. ஆனாலும் ஆர்வத்தில் ரத்து செய்தவர்கள் உண்டு. 2023 போராட்டத்தை முடித்த ஒப்பந்தத்தில் கடைசியில் வந்ததைப் பாருங்கள்: பெரிய பட்ஜெட் ஸ்ட்ரீமிங் தொடர் ஒன்றின் பார்வைக் கணக்கு, வெளியான முதல் 90 நாளில் அந்தத் தளத்தின் அமெரிக்கச் சந்தாதாரர்களில் 20 சதவீதத்தை எட்டினால் எழுத்தாளருக்குப் போனஸ். சென்னையில் இருந்து நாம் விடிய விடியப் பார்த்தாலும் அதில் ஒரு நிமிடம்கூட ஏறாது. தொடர் வெளிநாட்டில் ஓடுவதற்காக எழுத்தாளருக்குக் கிடைக்கும் உரிமைத்தொகை வேறு கணக்கு. உலகெங்கும் ஓடும் தளங்களில் அது வெளிநாட்டுச் சந்தாதாரர் எண்ணிக்கையைப் பொறுத்தது. அங்கே நம் சந்தாவும் ஒரு தலை.